ஐந்து மணிக்கு ஒரு சைக்கிள்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் இந்தப் பகுதியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குடியையும் போதையையும் பற்றிய கடிதங்கள் ஆசிரியரின் மேசையில் குவிந்துவிட்டனவாம். ஒரு சீலைப் பையில் போட்டு என் கடைக்கே அனுப்பிவைத்தார். நான் வைத்தியனும் அல்ல, போதகரும் அல்ல. மட்டக்களப்பில் நாற்பது வருடமாகத் தையல் மெசின் மிதிக்கிறவன். அதில் பதினேழு வருடம் குடித்தேன். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு குடிக்கவில்லை. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கல்லடிப் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்களைப் போன்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். என் தகுதி அவ்வளவுதான். நான் பூசைக்குப் போகிறவன், மனைவி மெதடிஸ்த சபை. ஆகவே இரண்டு பக்கத்தாரும் என்னைக் கோபிக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடிக்கிறான். எங்கள் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்து, அவனும் மனம் இரங்கிக் குடியை விட்டான். இரண்டாம் நாள் கைகால் நடுங்கியது, பிறகு வலிப்பு வந்து விழுந்தான். பிசாசு வெளியேறுகிறது என்றார்கள். பயத்தில் அவன் தகப்பனே திரும்பவும் வாங்கிக் கொடுத்துவிட்டார். மருந்துக்குப் போனால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு தாய், வாழைச்சேனை

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் அடுத்த முறை நிறுத்துவதாகச் சொன்னால் வீட்டில் வைத்து நிறுத்தாதீர்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வருடக்கணக்கில் நாள்தோறும் குடித்த உடம்பு, சாராயம் உள்ளே இருக்கிறது என்ற கணக்கில்தான் ஓடும். மது நரம்புகளை அமத்தும். மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணித்தியாலத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதவை கண்ணில் தெரியும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். உங்கள் மகனுக்கு வந்தது இந்தக் கணக்கில் வருகிற வலிப்பு. பிசாசுக்கு அதில் பங்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இரண்டாம் இரவு வெள்ளைத் துணி முழுவதும் எறும்பு ஊர்ந்தது. பாடசாலைச் சீருடைக்கென்று வெட்ட வைத்திருந்த துணி. எறும்பு ஊர்ந்த இடத்தையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். விடிந்து பார்த்தால் எறும்பும் இல்லை, துணியும் இல்லை. அன்று காலைதான் மனைவி என்னை ஓட்டோவில் ஏற்றினாள்.

வைத்தியசாலையில் டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். விற்றமின் பி1ம் கொடுப்பார்கள்; குடிப்பவர்களின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். இவற்றைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அந்த மருந்தும் மதுவும் ஒன்று சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். குடிக்கிற அளவையும் வைத்தியரிடம் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். நான் கால் போத்தல் என்றேன். பின்னால் நின்ற மனைவி ஒரு முழு விரலை உயர்த்திக் காட்டினாள். வைத்தியர் அவளுடைய விரலைத்தான் எழுதிக்கொண்டார்.

விசுவாசக் குறைவு என்கிறவர்களுக்கு நல்ல சமாரியன் கதையை எடுத்துக் காட்டுங்கள். அடிபட்டுக் கிடந்தவனுடைய காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். அந்தக் காலத்து மருந்து அது. கட்டுப் போட்டான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்தான், குறைந்தால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். ஜெபம் செய்யக் கூடியவர்கள் இரண்டு பேர் அதற்கு முன்பே அந்த வழியால் போய்விட்டார்கள். நான் ஜெபத்தைக் குறை சொல்லவில்லை, அம்மா. ஓட்டோ போகிற வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே போங்கள்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டுமானால், மனநல உதவிக்கு 1926. அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைக்கு 1927.

கேள்வி: நாங்கள் சபை வாலிபர் ஏழு பேர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடிப்பவர்களின் வீடுகளுக்குப் போய் வசனம் வாசித்து, துண்டுப்பிரசுரம் கொடுத்து, குடிக்க மாட்டேன் என்று கையொப்பமும் வாங்குகிறோம். எட்டு மாதத்தில் 31 கையொப்பம். ஒருவரும் திருந்தவில்லை. எங்கே தவறுகிறோம்?
- களுவாஞ்சிக்குடி

தம்பி, கையொப்பத்தை எண்ணி வைத்தது முதல் தவறு. நானும் அப்படி நிறையப் போட்டவன். ஆயித்தியமலை மாதாவின் திருவிழாவுக்கு நடந்தே போய், மூன்று வருடம், மூன்று தடவை குடியை விடுவதாக நேர்ந்துகொண்டேன். ஒரு வருடம் திரும்பி வருகிற வழியிலேயே குடித்தேன். நேர்ந்தபோது பொய் சொல்லவில்லை. குடிக்கிறவனுடைய சத்தியம் சொல்லுகிற நேரத்தில் உண்மையாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் அமெரிக்கர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். பில் வில்சன், நியூயோர்க்கில் பங்குச்சந்தைத் தொழில் செய்தவர். 1934 டிசம்பரில் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது கடவுள் தன்னைத் தொட்டதாக உணர்ந்து குடியை விட்டார். விட்ட கையோடு ஊரிலிருந்த குடிகாரர்களைத் திருத்தப் புறப்பட்டார். மாதங்கள் போயின, ஒருவரும் தெளியவில்லை. மனைவி லோயிஸிடம் புலம்பியபோது, நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்றாராம் அவர். பில்லுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் சில்க்வேர்த் வேறொன்று சொன்னார்: பிரசங்கத்தை நிறுத்து, இந்த நோய் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்.

1935 மே மாதம் பில் வியாபார அலுவலாக ஓஹையோவிலுள்ள அக்ரன் நகரத்துக்குப் போனார். அலுவல் தோற்றது. கையில் பத்து டொலர் அளவில்தான் காசு. தங்கியிருந்த ஹோட்டலின் முன்மண்டபத்தில் ஒரு பக்கம் மதுச்சாலை, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மறுபக்கம் தொலைபேசியும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். இன்னொரு குடிகாரனோடு கதைக்காவிட்டால் தான் இன்றைக்குக் குடித்துவிடுவேன் என்று அவருக்குப் பட்டது. போதகர் ஒருவரை அழைத்தார். அந்தத் தொடர்பு ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் கொண்டுபோய் விட்டது. அவர் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணரைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார்.

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள், தம்பி. டொக்டர் பொப் வேதம் வாசிக்காதவர் அல்ல. இரண்டு வருடத்துக்கு மேலாக ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போனார், ஜெபித்தார், வேதத்தைப் படித்தார், குடித்துக்கொண்டும் இருந்தார். புத்தி சொல்ல எத்தனையோ பேர் வந்திருந்தார்கள். “எனக்கு உன் உதவி வேண்டும்” என்று வந்து உட்கார்ந்தவர் பில் ஒருவர்தான். அந்த ஜூன் 10ஆம் திகதி பொப்புக்கு ஒரு சத்திரசிகிச்சை இருந்தது, கை நடுங்கியது. நடுக்கம் அடங்குவதற்கு பில்லே ஒரு பியர் கொடுத்து அனுப்பினார். அதுதான் பொப்பின் கடைசிக் குடி. அந்த நாளைத்தான் ‘பெயர் குறிப்பிடாத குடிநோயாளர்கள்’ இயக்கத்தின் பிறந்தநாளாகக் கணக்கிடுகிறார்கள். பிறகு பொப், அக்ரனில் புனித தோமையார் வைத்தியசாலையில் கடமை செய்த இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரியோடு சேர்ந்து, 1950இல் தாம் இறக்கும் வரைக்கும் ஏறத்தாழ 5,000 குடிநோயாளர்களைக் கவனித்தார். புரொட்டஸ்தாந்து வைத்தியரும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியும்! எங்கள் ஊரில் ஒரு கரோல் நிகழ்ச்சியைச் சேர்ந்து நடத்தவே மூன்று கூட்டம் போட வேண்டியிருக்கிறது.

என்னிடம் வந்தவர் டொக்டர் இல்லை. டச்பாரில் இருந்த பறங்கியர் ஒருவர், தச்சு வேலை. 2004 கடல்கோளில் வீட்டையும் வீட்டிலிருந்தவர்களில் இருவரையும் பறிகொடுத்தவர். அவர் ஒரு காலத்தில் குடித்தது எனக்குத் தெரியும், நிறுத்தியது தெரியாது. 2006இல் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்து, சட்டை ஒன்றைத் தந்து, பொத்தான் தைத்துத் தரச் சொன்னார். ஐந்து மணி எனக்குத் தவறணைக்குப் போகிற நேரம். ஊசியில் நூல் ஏறவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கி நூலைக் கோத்துத் தந்தார். “எனக்கும் உளி பிடிக்க ஏலாமல் இருந்தது” என்று அவர் சொன்ன ஒரு வசனம்தான் அன்றைய பிரசங்கம். மறுநாளும் ஐந்து மணிக்கு வந்தார், இன்னொரு சட்டை. இரண்டு மாதம் இப்படி. பொத்தான்களைத் தானே பிய்த்துக்கொண்டு வருகிறார் என்று விளங்க எனக்கு வெகுநாள் எடுத்தது. நூல் இழுபட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் தையல்காரனுக்குத் தெரியாதா? ஏன் வந்தீர்கள் என்று வருடங்கள் கழித்துக் கேட்டேன். “ஐந்து மணிக்கு நான் எங்கே போவது, தம்பி?” என்றார். அவருக்கும் அது ஆபத்தான நேரம்.

ஆகவே பிரசுரங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஞாயிறு காலையை விட்டு, வேலை முடிந்து சம்பளக் காசு கையில் இருக்கிற நேரத்தில் போங்கள். குடித்து நிறுத்திய ஒருவர் சபையில் இருந்தால் அவரைக் கூட்டிப்போங்கள், அவர் பேசட்டும். கிளினிக் நாளில் ஒருவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது 31 கையொப்பத்துக்குச் சமம். லாசருவைக் கல்லறையிலிருந்து கூப்பிட்டது இயேசு; சுற்றியிருந்த துணியை அவிழ்க்கிற வேலையைத்தான் நின்றவர்களிடம் கொடுத்தார். நீங்கள் ஏழு பேரும் கூப்பிடுகிற வேலையை எடுத்துக்கொண்டு துணியை அப்படியே விட்டுவிட்டீர்கள் போலத் தெரிகிறது.

கேள்வி: கானாவூர்க் கலியாணத்தில் இயேசுவே தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கினார். கள் இயற்கையானதுதானே, கொஞ்சம் குடித்தால் என்ன?
- பெரியகல்லாறு

கலியாண வீட்டில் மற்றவர்கள் குடித்தால் அது அவர்களுடைய பாடு. நான் அவர்களை நியாயந்தீர்க்கப் போவதில்லை. ஆனால் “கொஞ்சம்” என்று கேட்டு எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறீர்களே. கொஞ்சமாகக் குடிக்கிறவர்கள் இவ்வளவு சிரமப்படுவதில்லை. வியாழக்கிழமை ஒருமுறை வந்து பாருங்கள்.

கேள்வி: ஏழு மாதமாகக் குடிக்காமல் இருக்கிறேன். நற்கருணைக் கிண்ணத்தில் உள்ள இரசத்தின் வாசம் பட்டாலே உடம்பு உதறுகிறது. போகாமல் இருந்தால் பாவமா?
- மட்டக்களப்பு நகர்

கிண்ணத்தை விட்டுவிடுங்கள், பந்தியை விடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி அப்பத்தின் வடிவில் மட்டும் வாங்கினாலும் கிறிஸ்துவை முழுமையாகவே வாங்குகிறீர்கள். குறை ஒன்றும் இல்லை. குடிநோய் உள்ள குருமாருக்கே, மேற்றிராணியாரின் அனுமதியோடு, புளிக்காத திராட்சைச் சாற்றைப் பாவிக்க வழி இருக்கிறது. மெதடிஸ்த சபைகளில் புளிக்காத சாறு பாவிப்பது பழைய வழக்கம். 1869இல் தோமஸ் வெல்ச் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், அவரும் மெதடிஸ்தர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் போத்தலில் அடைக்கிற முறையைக் கண்டுபிடித்ததே திருவிருந்து மேசைக்காகத்தான். வேறு சபை என்றால், ஆராதனைக்கு முன்பு போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கிண்ணம் வரும்போது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தால் போதும். யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பார்க்கட்டும்.

எனக்குக் கிண்ணத்தைவிடக் கேக்தான் பயம். நத்தாருக்கு வீடு வீடாக வருகிற ரிச் கேக்கில் பிராண்டி இருக்கும். முதல் வருடம் தெரியாமல் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, அன்று இரவு முழுவதும் கல்லடிப் பாலத்தில் அங்கும் இங்குமாக நடந்தேன். சில இருமல் பாணிகளிலும் மதுசாரம் உண்டு. போத்தலைத் திருப்பி வாசியுங்கள்.

கேள்வி: நான் சைவம். குடியை விடுவதாகத் தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். உங்கள் கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடக்கிறது. அங்கே வந்தால் மதம் மாறச் சொல்வீர்களா?
- கொக்கட்டிச்சோலை

மாட்டோம். அப்படி யாராவது சொன்னால் எழுந்து என்னிடம் வாருங்கள். அவருக்கு அடுத்த வாரம் தேநீர்க் கோப்பை கழுவுகிற முறை. மண்டபம் வாடகை இல்லாமல் கிடைத்தது, அதனால் அங்கே இருக்கிறோம். எங்களில் சைவர் நான்கு பேர், ஒரு முஸ்லிம் சகோதரரும் வருகிறார். தொடக்கத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடுவோம். அவரவர் யாரை நினைக்கிறார் என்பதை நான் கேட்டதில்லை.

அமெரிக்காவில் பில்லும் கூட்டாளிகளும் குடியை விடுவதற்கான பன்னிரண்டு படிகளை எழுதி 1939இல் வெளியிட்டபோதே இந்தப் பிரச்சினை வந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விவாதித்து விவாதித்து, கடைசியில் “நாங்கள் விளங்கிக்கொண்டபடியான கடவுள்” என்று எழுதினார்கள். நான் விளங்கிக்கொண்ட கடவுள் இயேசு. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் தேயிலை போடுவேன். பசியோடு வருகிறவனிடம் முதலில் விலாசம் கேட்கிற வழக்கம் படுவான்கரையில் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் நேர்த்தியையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் நேர்த்தியை ஒரு மனிதரிடமும் சொல்லி வையுங்கள். போயா நாளில் சாராயக்கடை பூட்டியிருக்கும். மற்றவர்கள் பூரணை நிலவில் எங்கள் வாவியில் மீன் பாடுகிறதா என்று காது கொடுக்கும்போது நான் வாவிக்கரைக் கண்டல் பற்றைகளுக்குள் கசிப்புத் தேடித் திரிந்தவன். சாமிக்குத் தெரியும் என்ற பயம் அந்த இரவில் எனக்கு வரவில்லை. யாராவது ஒருவர் “இப்போது எங்கே நிற்கிறாய்?” என்று கேட்டிருந்தால் வந்திருக்கும்.

கேள்வி: எழுபது தரம் ஏழு மட்டும் மன்னிக்கச் சொன்னார் ஆண்டவர். என் கணவரை மன்னித்துக்கொண்டே இருக்கிறேன். சாராயக்கடைக் கடனைக் கட்ட இரண்டு இடத்தில் நுண்கடன் எடுத்துவிட்டேன். அவர் வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று நான்தான் தொலைபேசியில் சொல்கிறேன். சில நாள் அடிப்பார். சிலுவையைச் சுமக்கத்தான் வேண்டுமா?
- ஒரு மனைவி, கல்முனை

மகள், அடிக்கிற கையைச் சிலுவை என்று சொல்லாதீர்கள். அடி விழுகிற வீட்டிலிருந்து பிள்ளைகளோடு வெளியேறுவதைப் பாவம் என்று சொல்கிற வசனம் ஒன்றும் இல்லை. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. பொலிஸிலும் பெண்கள் பிரிவு இருக்கிறது. தாய் வீடோ சகோதரி வீடோ, அடுத்த தடவை போவதற்கு ஓர் இடத்தை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். இதற்குப் பிறகுதான் மற்றவை.

மன்னிப்பு வேறு, சாராயக்கடைக் கணக்கைத் தீர்ப்பது வேறு. என் மனைவி என்னை எப்போது மன்னித்தாள் என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் சொன்னதில்லை. எனக்காகப் பொய் சொல்வதை எந்த நாள் நிறுத்தினாள் என்பது நன்றாகத் தெரியும். சீருடை வாங்க வந்தவரிடம், “வெறியில் படுத்திருக்கிறார், துணி தைக்கவில்லை” என்று என் காதில் விழச் சொன்னாள். அதுவரைக்கும் எனக்கு எப்போதும் வாந்திபேதி அல்லது யாருடையதோ செத்தவீடு. அன்று வந்த கோபத்தில் அவளோடு ஒரு கிழமை பேசவில்லை. ஆனால் குடி என்னுடையது என்று முதல் தடவையாகத் தெரிந்த நாள் அது.

மூன்றாவது கடன் எடுக்காதீர்கள். இருக்கிற இரண்டையும் பற்றி உங்கள் கிராமத்துப் பெண்கள் சங்கத்தில் வெளிப்படையாகப் பேசுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் அதே குழியில் இருப்பார்கள். போத்தலை ஒளிப்பதும் தண்ணீர் கலப்பதும் வீண் வேலை, எங்களுக்கு அதெல்லாம் தெரியும். மேலே சொன்ன லோயிஸ், கணவர் தெளிந்த பிறகும் தன் மனம் தெளியவில்லை என்று கண்டு, 1951இல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று தனியாகவே ஒரு கூட்டமைப்பைத் தொடக்கினார். எங்கள் மண்டபத்தில் மாதம் ஒருமுறை பெண்கள் மட்டும் கூடுகிறார்கள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது; சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

கேள்வி: குடியை விட்டு ஒரு வருடம். இப்போதுதான் யார் யாரை ஏமாற்றினேன் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நித்திரை இல்லை. எல்லாரிடமும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?
- அக்கரைப்பற்று

டப்ளின் நகரத்தில் மாற் டால்பொட் என்ற கூலித்தொழிலாளி இருந்தார். 1884இல், 28 வயதில் குடியை விட்டு, 1925 ஜூன் மாதம் பூசைக்குப் போகிற வழியில் தெருவில் விழுந்து இறக்கும் வரைக்கும் தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. குடித்த காலத்தில் அவரும் கூட்டாளிகளும் கண் தெரியாத ஒரு வாத்தியக்காரரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்திருந்தார்கள். தெளிந்த பிறகு அந்த மனிதரை ஊரெல்லாம் தேடினார், கிடைக்கவில்லை. அந்தக் காசை அவருடைய ஆன்மாவுக்காகப் பூசைக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

எனக்கு ஆள் கிடைத்தது. 1998இல் ஒரு தாய், மகளின் முதல்நன்மைக்குச் சட்டை தைக்க வெள்ளைச் சாட்டின் துணியும் 600 ரூபா முற்பணமும் தந்தார். காசைக் குடித்தேன். பிறகு துணியை விற்று அதையும் குடித்தேன். பிள்ளை அன்று யாருடையதோ பெரிய சட்டையை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு பவனியில் வந்ததை வீதியின் மறுபக்கம் நின்று பார்த்தேன். பத்து வருடம் கழித்து, 600 ரூபாவோடு துணியின் விலையையும் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா வாசலில் வைத்தே எண்ணினார். “இந்தக் காசுக்கு இப்போது அந்தத் துணியில் ஒரு கைகூடத் தைக்க ஏலாது” என்றார். சரிதானே? விலைவாசி எங்கே போய்விட்டது! மிச்சத்தை மூன்று தவணையில் கட்டினேன். மூன்று தடவையும் வாசலோடு சரி, இருக்கச் சொல்லவில்லை. அழுகையும் கட்டிப்பிடிப்பும் நடக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதுங்கள். காசாகக் கொடுக்க வேண்டியதைக் காசாகவே கொடுங்கள், மாதம் ஐந்நூறு என்றாலும் பரவாயில்லை. நீங்கள் போய்ச் சொல்வதால் மற்றவருடைய குடும்பத்தில் புதிதாக ஒரு புண் வரும் என்றால் அந்தப் பெயரைப் பாவசங்கீர்த்தனத்தோடு நிறுத்துங்கள். உங்கள் நித்திரைக்காக இன்னொருவருடைய நித்திரையைக் கெடுக்கக் கூடாது.

கேள்வி: என்னை உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் குடிக்காமல் இருந்தேன், மூன்று பேரைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மைத்துனர் வீட்டு விசேஷத்தில் குடித்துவிட்டேன். அதன்பின் வரவில்லை. இனி எந்த முகத்தோடு மற்றவர்களுக்கு உதவுவது?
- செங்கலடி

தெரியும். எழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

மேலே ஒரு டொக்டரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். பில்லைச் சந்தித்த பிறகு சில கிழமை அவர் குடிக்கவில்லை. பிறகு வைத்தியர் மாநாடு ஒன்றுக்கு அற்லாண்டிக் சிற்றிக்கு ரயில் ஏறினார், வெறியோடு திரும்பி வந்தார். நினைவு தெளிய நாட்கள் எடுத்தன. கையை அடக்கக் கொடுத்த அந்த பியர் அதற்குப் பிறகு வந்ததுதான். அந்த மனிதரை பில் விட்டுவிட்டுப் போகவில்லை, அவரும் ஒளிந்துகொள்ளவில்லை.

விசேஷத்தோடு நின்றதா, தொடர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தொடர்ந்தால், வாழைச்சேனை அம்மாவுக்கு எழுதியதை வாசித்துவிட்டு முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள், தகவல் அனுப்பினால் நானும் வருகிறேன். நின்றுவிட்டது என்றால் வியாழக்கிழமை வாருங்கள். கொஞ்ச நாள் நீங்கள் கூட்டத்தை நடத்த வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும். நீங்கள் கொண்டுவந்த மூன்று பேரில் இருவர் வருகிறார்கள். ஏறாவூரிலிருந்து வருகிற பெரியவர் ஒவ்வொரு வாரமும் உங்களைக் கேட்கிறார். சுகமில்லை என்று நான் பொய் சொல்லவில்லை, தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்று. மண்டபத்தின் சாவி உங்களிடம் இருக்கிறது. ஐந்து கிழமையாகப் பக்கத்து வீட்டில் இரவல் சாவி வாங்கித் திறக்கிறோம், அந்த வீட்டு நாய்க்கு என்னைக் கண்ணில் காட்ட முடியாது. நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம்.